இடுப்பு வலியில இருந்து தண்ணி கேன் தூக்கற வரைக்கும்: வீட்டுலயே பண்ற முழு வழிகாட்டி

எங்க வீட்டு சமையல்கட்டுல 20 லிட்டர் தண்ணி கேன் இருக்கும், அதை தூக்கி ஸ்டாண்டு மேல கவுத்து வைக்கிறது என் வேலை, 36 வயசு வரைக்கும் அதை ஒரு வேலையாவே நான் நெனச்சது கிடையாது. ஒரு நாள் காலைல அவசரமா தூக்கும்போது இடுப்புல சுரீர்னு வந்துச்சு, அப்படியே அடுப்பு மேடையை புடிச்சுக்கிட்டு நின்னேன், நிமிரவும் முடியல, உக்காரவும் முடியல. அப்புறம் ஸ்கேன், பெல்ட்டு, மெத்தையை எடுத்துட்டு கட்டில்ல பலகை, "இனிமே குனியாதீங்க, வெயிட் எதுவும் தூக்காதீங்க"ன்னு ஒரு அறிவுரை. மூணு வருஷம் அந்த கேனை நான் தொடவே இல்ல. பொண்ணை இடுப்புல தூக்கல, பந்தில கீழ உக்காரல, மார்கழி வந்தா கோலத்தை அத்தைதான் போட்டாங்க. இவ்வளவு பத்திரமா இருந்தும் வலி குறையல, வருஷா வருஷம் கூடிக்கிட்டே போச்சு.

இப்ப எனக்கு 43. கேனை நான்தான் தூக்கி வைக்கிறேன், மளிகைக்கடைல 25 கிலோ சிப்பத்தை வண்டில நானே ஏத்தறேன். நான் டாக்டர் இல்ல, ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறவ, நாள் முழுக்க சேர்ல உக்கார்ற வேலை. உடற்பயிற்சி மூலமா வைத்தியம் பண்ற ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் அக்கா (பிசியோ அக்கா) கிட்ட கத்துக்கிட்டதும், அதுக்கப்புறம் தேடித் தேடி படிச்சதும், ஒரு நோட்டுல நாலு வருஷமா எழுதி வெச்சதும்தான் இது. என் அனுபவத்துல முதுகை விட முதுகைப் பத்தின பயம்தான் என்னை அதிகமா முடக்குச்சு, அதனால இந்த வழிகாட்டில உடம்புக்கு பாதி, மனசுக்கு பாதி இருக்கும், ரெண்டையும் பிரிச்சு பண்ணா எனக்கு ஒண்ணுமே வேலை செய்யல.

ஸ்டெப் 1: முதல்ல இது வீட்டுல பாக்கற வலியான்னு பாருங்க

இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க. ஒண்ணுக்கு வர மாட்டேங்குது, இல்ல தெரியாமலே போயிடுது, மலம் அடக்க முடியல, சைக்கிள் சீட்டுல உக்காந்தா படற இடம் இருக்குல்ல அந்த இடம் மரத்துப் போச்சு, கால் பலமே இல்லாம போகுது, நடக்கும்போது பாதம் தூக்க முடியாம செருப்பு நழுவுது, இதுல எது இருந்தாலும் நாளைக்குன்னு தள்ளாம அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போகணும். முதுகுத்தண்டுக்கு கீழ இருக்கற நரம்புக் கொத்து நசுங்கினா மணிக்கணக்குதான் நேரம், லேட் ஆனா அந்த நரம்பு திரும்பறது கஷ்டம்.

அவ்வளவு அவசரம் இல்லாட்டியும் டாக்டர் பாத்தே ஆக வேண்டியது சிலது இருக்கு. சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டறது, காரணமில்லாம எடை குறையறது, கூடவே முதுகு வலின்னா நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபியை கட்டாயம் சந்தேகப்படணும், டிபி நுரையீரல்ல மட்டும் வர்ற நோய் இல்ல. முன்னாடி கேன்சர் வந்தவங்க, ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்க, கீழ விழுந்ததுக்கு அப்புறம் வலி ஆரம்பிச்சவங்க, இவங்களும் டாக்டரை பாக்கணும். வயசான அம்மாக்கள் பாத்ரூம்ல லேசா வழுக்கி உக்காந்துட்டாங்கன்னா கூட ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க, எலும்பு மெலிஞ்சிருந்தா சின்ன அதிர்ச்சிக்கே அமுங்கிடும்.

இது எதுவும் இல்லையா? நிம்மதியா மேல படிங்க. முதுகு வலின்னு போறவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு இப்படி ஒரு பெரிய காரணம் கண்டுபுடிக்க முடியறதில்ல, அதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கற பேரே "குறிப்பான காரணம் இல்லாத இடுப்பு வலி"தான். உலகத்துல 2020ல மட்டும் இடுப்பு வலியோட இருந்தவங்க 61.9 கோடி பேர்னு கணக்கு போட்டிருக்காங்க, நீங்க தனியா இல்ல.

ஸ்டெப் 2: ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படி படிக்கணும்

என் எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (கீழ் முதுகுல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் வெளிப்பக்கமா உப்பியிருக்கு), தேய்மானம், டிஸ்க் காஞ்சு போச்சுன்னு மூணு வரி இருந்துச்சு. அந்த மூணு வரியை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல, என் முதுகுக்குள்ள எதோ பிய்ஞ்சு தொங்கற மாதிரியே மனசுல படம் ஓடும், குனியும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் வெளிய வருதுன்னு நெனப்பேன்.

எனக்கு கண்ணை தொறந்தது 2015ல வந்த ஒரு ஆய்வு. முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் விவரங்களை பல ஆய்வுகள்ல இருந்து ஒண்ணா சேர்த்து பாத்திருக்காங்க. வலியே இல்லாத 40 வயசுக்காரங்கள்ல 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்கு பல்ஜ். 20 வயசு பசங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ், 80 வயசுல 84 சதவீதம். முடி நரைக்கற மாதிரி, தோல்ல சுருக்கம் விழற மாதிரி, உள்ளயும் வயசு தெரியுது, அவ்வளவுதான். அதுக்காக ஸ்கேன்ல வர்றது எல்லாமே பொய்னு சொல்ல வரல, பெரிசா பிதுங்கி நரம்பை அழுத்தி காலுக்கு வலி இறங்கும்போது ஸ்கேன் ரொம்ப முக்கியம். அப்படி பிதுங்கினது கூட நெறைய பேருக்கு மாசக்கணக்குல தானா சுருங்கிடுது, உடம்பே அதை கரைச்சுடுது.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா எங்க தெருவுல பாதி பெண்கள் இதை நம்பறாங்க, நானும் நம்பினேன். "ஆபரேஷன்ல குழந்தை பொறந்தப்ப முதுகுல ஊசி போட்டாங்க, அதுலருந்துதான் இந்த வலி." அந்த ஊசி போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்ததுல நாள்பட்ட முதுகு வலிக்கு அது காரணமா தெரியல. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், வருஷக்கணக்கா வலிக்காது. பிரசவத்துக்கு அப்புறம் வயித்துத் தசை தளர்ந்து போறது, தூக்கமில்லாம ராத்திரி பகலா குனிஞ்சு பால் குடுக்கறது, குழந்தையை ஒரு பக்கமாவே இடுக்கி நடக்கறது, இது எல்லாத்தையும் விட்டுட்டு பழியை ஊசி மேல போட்டுட்டோம், ஊசி பழசு, அதை இனிமே மாத்த முடியாதுங்கறதால நாமளும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உக்காந்துட்டோம். தசையை மாத்தலாங்க.

ஸ்டெப் 3: வலி எங்க தயாராகுதுன்னு புரிஞ்சுக்கங்க

1995ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு சம்பவம் வந்துச்சு. 29 வயசு கட்டிட வேலைக்காரர் மேல இருந்து குதிச்சப்ப 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸை குத்தி மேல வந்துடுச்சு, ஆணியை லேசா அசைச்சாலே துடிச்சுப் போயிட்டார், மயக்க மருந்து குடுத்து பூட்ஸை கழட்டினா, ஆணி ரெண்டு விரலுக்கு நடுவுல போயிருக்கு, கால்ல ஒரு கீறல் கூட இல்ல. அவர் நடிக்கல, அவருக்கு வந்தது நெஜமான வலி. கண்ணு பாத்ததை வெச்சு மூளை ஆபத்துன்னு முடிவு பண்ணி வலியை அனுப்பிடுச்சு.

இதை பிசியோ அக்கா எனக்கு சொன்னப்ப முதல்ல கோவம்தான் வந்துச்சு, "அப்ப என் வலி மனசுல இருக்கற கற்பனையா"ன்னு கேட்டேன். அவங்க சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, "கற்பனை இல்லம்மா, வலி நூத்துக்கு நூறு உண்மை, ஆனா வலி எவ்வளவோ அடி அவ்வளவுன்னு அர்த்தம் கிடையாது." நம்ம வீட்டு கேட்டுல ஒரு நாய் இருக்குன்னு வைங்க, திருடன் வந்தப்ப குலைச்சுது, நல்லது. அதுக்கப்புறம் பேப்பர் போடற பையனுக்கும், காத்துக்கு ஆடற இலைக்கும் குலைக்க ஆரம்பிச்சா? திருடன் போயி மாசக்கணக்காச்சு, நாய் இன்னும் அடங்கல. மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற வலி நெறைய நேரம் இப்படித்தான், அடிபட்ட இடம் ஆறிடுது, காவல் காக்கற நரம்பு மட்டும் உஷாராவே நிக்குது. பயம், தூக்கமின்மை, வீட்டுல சண்டை, "குனியாதே"ன்னு நாலு பேர் சொல்றது, எல்லாமே அதை இன்னும் உசுப்பேத்தும்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்ல. அமெரிக்காவுல கொலராடோல 151 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2021ல வெளிவந்துச்சு. ஒரு குழுவுக்கு நாலு வாரம், வலியை ஆபத்துன்னு பாக்காம வேற மாதிரி பாக்கப் பழக்கினாங்க, இன்னொரு குழுவுக்கு முதுகுல வெறும் உப்புத்தண்ணி ஊசி, மூணாவது குழு அவங்க வழக்கமா பாத்துக்கிட்டிருந்த வைத்தியத்தையே தொடர்ந்தாங்க. முதல் குழுல 66 சதவீதம் பேருக்கு வலி போயிடுச்சு, இல்ல கிட்டத்தட்ட போயிடுச்சு. ஊசி குழுல 20, மூணாவது குழுல 10. சேர்ந்தவங்க பெரும்பாலும் மிதமான வலி உள்ளவங்கதான், அதனால எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பழக்கலாம்ங்கறதுக்கு இது போதும்.

நான் பண்றது இதுதான். வலி வந்தா உடனே இடுப்பை புடிச்சுக்காம ஒரு நிமிஷம் கண்ணை மூடி அது எப்படி இருக்குன்னு மட்டும் பாப்பேன், இழுக்குதா, எரியுதா, எவ்வளவு அகலத்துக்கு இருக்கு, மூச்சை மெதுவா விட்டா மாறுதா. மனசுக்குள்ள "ஸ்டெப் 1ல சொன்ன எதுவும் எனக்கு இல்ல, இது குலைக்கற சத்தம், கடிக்கறது இல்ல"ன்னு சொல்லிக்குவேன். ஆரம்பத்துல வாயால சொன்னேன், மனசு நம்பல. உடம்பு பலமாக பலமாகத்தான் மனசும் நம்ப ஆரம்பிச்சுது, அதனாலதான் அடுத்த ஸ்டெப்புகள் எல்லாம்.

ஸ்டெப் 4: புடிச்சுக்கிட்ட முதல் ரெண்டு மூணு நாள்

படுத்தே கெடக்காதீங்க. 1986லயே ரெண்டு நாள் படுக்கச் சொன்னவங்களையும் ஏழு நாள் படுக்கச் சொன்னவங்களையும் ஒப்பிட்டுப் பாத்துட்டாங்க, ஏழு நாள் படுத்தவங்களுக்கு கூடுதலா ஒரு நன்மையும் இல்ல, வேலைக்கு போகாத நாள்தான் அதிகம். 1995ல பின்லாந்துல பண்ண ஆய்வுல, முடிஞ்ச அளவுக்கு வழக்கமான வேலையை பாத்தவங்கதான் சீக்கிரம் தேறினாங்க.

மல்லாக்க படுத்து ரெண்டு காலையும் ஒரு நாற்காலி மேல மடக்கி வெச்சுக்கங்க, பத்து நிமிஷம், நெறைய பேருக்கு இது இதமா இருக்கும். ஒருக்களிச்சு படுத்தா முழங்காலுக்கு நடுவுல தலகாணி. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. எழுந்திருக்கும்போது நேரா எழாம ஒருக்களிச்சு கையை ஊனி எழுங்க. விழிச்சிருக்கற நேரத்துல ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவாட்டி எழுந்து ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் ரெண்டு நடை. வலி மாத்திரை தேவைப்பட்டா டாக்டரையோ மருந்துக்கடை பார்மசிஸ்ட்டையோ கேட்டு போடுங்க, அல்சர், கிட்னி பிரச்சனை, பிபி இருக்கறவங்க தானா வாங்கி போடவே கூடாது.

ஸ்டெப் 5: நடை

இதுக்கு செலவே இல்ல. ஆஸ்திரேலியாவுல 701 பேரை வெச்சு பண்ண ஆய்வு 2024ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, முதுகு வலி வந்து சரியானவங்களை ஒரு பிசியோ வழிகாட்டுதலோட படிப்படியா நடக்க வெச்சாங்க, வாரத்துக்கு அஞ்சு நாள் 30 நிமிஷம்ங்கற அளவுக்கு ஆறு மாசத்துல கொண்டு போறதுதான் இலக்கு. நடந்தவங்களுக்கு வலி திரும்ப வர சராசரியா 208 நாள் ஆச்சு, நடக்காதவங்களுக்கு 112 நாள்.

எப்படி ஆரம்பிக்கறது? வலி கூடாம எவ்வளவு நேரம் நடக்க முடியுதுன்னு ஒரு நாள் பாருங்க, அதுல பாதியில ஆரம்பிங்க. எனக்கு 12 நிமிஷத்துல இடுப்பு கனக்க ஆரம்பிச்சுது, அதனால 6 நிமிஷம், மொட்டை மாடில, காலைலயும் சாயங்காலமும். நாலு நாளைக்கு ஒருவாட்டி ஒரு நிமிஷம் கூட்டினேன். இதுல முக்கியமான விஷயம், நல்லா இருக்கற நாள்லயும் அன்னைக்கு எழுதி வெச்ச நேரம்தான், நல்லாருக்குன்னு ஒரே நாள்ல அரை மணி நேரம் நடந்துட்டு மூணு நாள் படுக்கறது நான் பண்ண பெரிய தப்பு. வலி இருக்கற நாள்லயும் அதே நேரம், வேகத்தை மட்டும் குறைச்சுக்கலாம். வலி சொல்றபடி நடக்காம நோட்டு சொல்றபடி நடக்கணும்.

ஸ்டெப் 6: தினமும் பன்னெண்டு நிமிஷம்

கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல ஸ்டூவர்ட் மெக்கில்ங்கறவர் முதுகெலும்பைப் பத்தி ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணவர், அவர் சொன்ன மூணு பயிற்சியைத்தான் பிசியோ அக்கா எனக்கு குடுத்தாங்க. பாய் விரிச்சு தரையில பண்ணுங்க, கட்டில்ல வேண்டாம்.

முதல்ல கர்ல்-அப். மல்லாக்க படுத்து ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக்கங்க. ரெண்டு உள்ளங்கையையும் இடுப்புக்கு கீழ, தரைக்கும் முதுகுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல வைங்க. இப்ப தலையும் தோளும் ஒண்ணா, தரையில இருந்து ரெண்டு விரல் உசரம் மட்டும் தூக்கி பத்து செகண்டு நிறுத்துங்க. கழுத்தை மடக்கக் கூடாது, கை மேல அழுத்தம் மாறக் கூடாது. பாக்க ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கும், அஞ்சாவது தடவைல வயிறு நடுங்கும்.

அடுத்தது சைடு பிளாங்க். ஒருக்களிச்சு படுத்து முழங்கையை தோளுக்கு நேரா கீழ ஊனி, முழங்காலை மடக்கி, இடுப்பை மேல தூக்கி நிறுத்தணும். முழங்கால் ஊனி பழகினதுக்கு அப்புறம்தான் காலை நீட்டி பண்ணணும், எனக்கு அதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. தோள் வலி இருக்கறவங்க சுவத்துல சாஞ்சு நின்ன மாதிரி முழங்கையை ஊனி ஆரம்பிக்கலாம்.

மூணாவது பேர்ட் டாக், குழந்தை தவழற மாதிரி முட்டி போட்டு, வலது கையை முன்னாடியும் இடது காலை பின்னாடியும் ஒரே நேரத்துல நீட்டறது. காலை ரொம்ப மேல தூக்காதீங்க, குதிகாலால பின்னாடி இருக்கற சுவத்தை தள்ளற மாதிரி நீட்டுங்க. முதுகு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சா சிந்தக் கூடாது, அதுதான் அளவு.

எல்லாமே பத்து செகண்டு நிறுத்தறது, ஆறு தடவை, சின்ன ஓய்வு, நாலு தடவை, ஓய்வு, ரெண்டு தடவை. பக்கம் மாத்தி பண்றதை ரெண்டு பக்கமும். முதல் வாரம் மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஆரம்பிச்சா போதும். முடிஞ்ச அப்புறம் கடைசியா பிரிட்ஜ், மல்லாக்க படுத்து ரெண்டு காலையும் மடக்கி இடுப்பை தூக்கறது, பத்து தடவை, பின்பக்கத் தசைல வேலை தெரியணும், முதுகுல தெரிஞ்சா உசரத்தை குறைங்க.

நேரம் பத்தி ஒண்ணு. தூங்கும்போது டிஸ்க் தண்ணியை உறிஞ்சி உப்பிக்கும், அதனாலதான் காலைல நாம ராத்திரியை விட ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே உசரமா இருப்போம். அந்த நேரத்துல ஆழமா குனிஞ்சா டிஸ்க் மேல அழுத்தம் அதிகம். விடியக்காலைல குனியறதை குறைச்சவங்களுக்கு வலி நாட்கள் குறைஞ்சதா 1998ல ஒரு ஆய்வு இருக்கு. இப்ப நான் எழுந்ததும் நேரா கோலப்பொடி டப்பாவை எடுக்கறதில்ல, பால் காய்ச்சி, மாடில ஒரு நடை நடந்து, அரை மணி நேரத்துக்கு மேல ஆனதுக்கு அப்புறம்தான் வாசலுக்கு போறேன். தரையை கூட்டறவங்க நீளக் கைப்புடி தொடப்பம் வாங்கிக்கறது நல்லது. முதுகு பலமான அப்புறம் இந்த கட்டுப்பாடு கூட தளர்ந்துடும்.

ஸ்டெப் 7: வெயிட் தூக்கப் பழகறது

நெறைய பேர் ஸ்டெப் 6லயே நின்னுடறாங்க. தரையில படுத்து பண்ற பயிற்சி வலியை அடக்கும், ஆனா வாழ்க்கை பூரா நாம தூக்கப் போறது சிலிண்டர், கேன், சூட்கேஸ், பேரக்குழந்தை. சமையல் சிலிண்டர்ல கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போட சேர்த்து கிட்டத்தட்ட 30 கிலோ. தூக்கவே தூக்காம இருந்த முதுகு ஒரு நாள் திடீர்னு அதை தூக்கினா புடிச்சுக்கத்தான் செய்யும்.

முதல்ல இடுப்புல மடங்கப் பழகணும். சுவத்துக்கு முதுகை காட்டி ஒரு அடி தள்ளி நில்லுங்க, முழங்காலை லேசா தளர்த்திக்கிட்டு பின்பக்கத்தை பின்னாடி தள்ளி சுவத்துல தட்டுங்க, ரெண்டு கையிலயும் குடம் இருக்கும்போது கதவை பின்னாலயே தள்ளி சாத்துவோமே அதே அசைவு. மாப் கம்பை முதுகோட நீளவாக்குல புடிச்சா தலை, மேல் முதுகு, வால் எலும்பு மூணும் கம்பை தொட்டுக்கிட்டே இருக்கணும். இதை ரெண்டு வாரம் வெறுங்கையால, தினமும் 15 தடவை.

அப்புறம் 5 கிலோ அரிசி பை. தரையில வைக்காதீங்க, முக்காலி மேல வெச்சு அந்த உசரத்துல இருந்து தூக்குங்க. உடம்பை ஒட்டி புடிச்சு, தூக்கும்போது மூச்சை விட்டு, பாதத்தால தரையை தள்ளி எழுங்க. எட்டு தடவை, ஒரு நிமிஷ ஓய்வு, இப்படி மூணு சுத்து, வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி. பன்னெண்டு தடவை சுலபமா வந்தா முக்காலியை எடுத்துட்டு மணை மேல வைங்க, அப்புறம் தரை. அதுக்கப்புறம் 10 கிலோ பையோட திரும்ப முக்காலில இருந்து. அடுத்தது பாதி தண்ணி ஊத்தின கேன், வாரா வாரம் ரெண்டு லிட்டர் கூட்டினா கணக்கு தானா வரும், ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதைவிட நல்ல வெயிட் செட் நம்ம வீட்டுல கிடையாது. முழு கேன் வர எனக்கு ஏழு மாசம் ஆச்சு. கூடவே ஒரு கையில மட்டும் பையை புடிச்சு நேரா நிமிர்ந்து நடக்கறது, மார்க்கெட்டுல இருந்து வர்ற மாதிரி, இது சைடு தசைக்கு ரொம்ப நல்லது.

எவ்வளவு வலிச்சா நிறுத்தணும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடுங்க. நாலு வரைக்கும் இருந்தா பண்ணலாம், மறுநாள் அதே நேரத்துக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டா அந்த அளவு சரி. வரலைன்னா ஒரு படி கீழ இறங்குங்க, முழுசா நிறுத்திடாதீங்க. வலி காலுக்கு இன்னும் கீழ இறங்கினாலோ மரமரப்பு கூடினாலோ அந்த அசைவை விட்டுட்டு பிசியோவை பாருங்க. தொடை பின்பக்கம் இறுக்கமா, சதை வலியா இருந்தா அது வேலை செஞ்ச வலி, சந்தோஷப்படுங்க.

ஸ்டெப் 8: பயப் பட்டியல்

நோட்டுல ஒரு பக்கம் எடுத்து, முதுகு வலிக்காக நீங்க விட்டது எல்லாத்தையும் எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பயம்னு பத்துக்கு மார்க். என் பட்டியல்ல செருப்பு வார் மாட்ட குனியறது 3, தரையில உக்கார்றது 4, கோலம் 6, டவுன் பஸ்ல கடைசி சீட் 7, பொண்ணை தூக்கறது 8, கேன் 10. கீழ இருந்து ஆரம்பிங்க. ஒவ்வொண்ணையும் துண்டு துண்டா பிரிங்க, கோலம்னா முதல் நாள் மூணு புள்ளி, அவ்வளவுதான். பண்றதுக்கு முன்னாடி "என்ன நடக்கும்னு நெனக்கறேன்"ன்னு ஒரு வரி எழுதுங்க, பண்ண அப்புறம் "என்ன நடந்துச்சு"ன்னு ஒரு வரி. "இடுப்பு புடிச்சுக்கும், ரெண்டு நாள் படுத்துடுவேன்"னு நான் எழுதின வரிக்கு கீழ "லேசா இழுத்துச்சு, பத்து நிமிஷத்துல போயிடுச்சு"ன்னு என் கையெழுத்துலயே இருபது முப்பது தடவை இருக்கு. வேற யார் சொன்னதும் என் மனசை மாத்தல, அந்த கையெழுத்து மாத்துச்சு.

வீட்டுல இருக்கறவங்க கிட்டயும் பேசுங்க. அத்தை பாசத்துலதான் "நீ குனியாத கண்ணு, நான் எடுத்து தரேன்"னு ஓடி வருவாங்க, வீட்டுக்காரர் பையை கையில இருந்து புடுங்குவார். அவங்களை உக்கார வெச்சு, "இது எனக்கு மருந்து மாதிரி, கேட்டா மட்டும் உதவி பண்ணுங்க"ன்னு சொன்னேன். ஒரு மாசத்துல அத்தையே என் கூட மாடில நடக்க வந்தாங்க.

வேலை இடம். உக்காந்தே இருக்கறவங்க அரை மணிக்கு ஒருவாட்டி எழுந்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க, "சரியான போஸ்ச்சர்"னு ஒண்ணை புடிச்சுக்கிட்டு விறைப்பா உக்கார்றதை விட அடிக்கடி மாத்தி உக்கார்றது மேல். துணிக்கடைல நாள் முழுக்க நிக்கறவங்களுக்கு, உக்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்துடுச்சு, அது உங்க உரிமை, கூச்சப்படாம கேளுங்க.

காசு போட வேண்டாத இடங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. உடற்பயிற்சி, வலியைப் பத்தின புரிதல் குடுக்கறது, மனசுக்கான சிகிச்சை இதெல்லாம் அதுல பரிந்துரைல இருக்கு. இடுப்பு பெல்ட், இழுவை வைக்கிற டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் ஒத்தடம், கரண்ட் ஷாக் மாதிரி வைக்கிற டென்ஸ் மிஷின், இதெல்லாம் வழக்கமா குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கு. நான் ரெண்டு வருஷம் பெல்ட்டோட இருந்தேன், அதை விட ஆறு வாரம் ஆச்சு, முதல்ல வீட்டுல ஒரு மணி நேரம் கழட்டி, அப்புறம் ஆபீஸ்ல பாதி நாள். பெல்ட் போட்டிருக்கறவங்க ஒரே நாள்ல தூக்கிப் போடாம இப்படி படிப்படியா விடுங்க, ஆபரேஷனுக்கோ எலும்பு முறிவுக்கோ டாக்டர் போடச் சொன்ன பெல்ட்டை மட்டும் அவங்களை கேக்காம கழட்டாதீங்க.

ஸ்டெப் 9: திரும்ப வந்தா

வரும். எனக்கு இந்த நாலு வருஷத்துல மூணு தடவை வந்துச்சு, ஒருவாட்டி ராத்திரி பஸ்ல ஊருக்கு போயிட்டு வந்தப்ப, ஒருவாட்டி பொண்ணுக்கு டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரில சரியா தூங்காதப்ப. முன்னாடி ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் ஓடும், கடைசியா வந்தது அஞ்சு நாள்ல போயிடுச்சு. வலி இல்லாத நாள்லயே ஒரு அட்டைல திட்டம் எழுதி அலமாரி கதவுல ஒட்டிட்டேன்: முதல்ல ஸ்டெப் 1 லிஸ்ட்டை பாரு, எதுவும் இல்லன்னா காலை நாற்காலில வெச்சு படு, ஒத்தடம், மணிக்கு ஒருவாட்டி நட, ரெண்டாவது நாள் நடை பாதி நேரம், மூணாவது நாள் பேர்ட் டாக் மட்டும், வெயிட்டை பாதியாக்கி ஒரு வாரத்துல ஆரம்பி, ஸ்கேன் ரிப்போர்ட்டை வெளிய எடுக்காத. வலி உச்சத்துல இருக்கும்போது மூளை யோசிக்காது, அதனால யோசிக்கற வேலையை முன்னாடியே முடிச்சு வெச்சுடணும்.

12 வாரம் ஒழுங்கா பண்ணியும் நோட்டுல மார்க் இறங்கவே இல்லன்னா திரும்ப டாக்டரை பாருங்க. முக்கியமா 45 வயசுக்குள்ள ஆரம்பிச்ச வலி, காலைல எழுந்தா அரை மணி நேரத்துக்கு மேல இடுப்பு கட்டை மாதிரி இறுகி இருக்கு, நடுராத்திரிக்கு அப்புறம் வலில முழிப்பு வருது, படுத்தா கூடுது, நடந்தா குறையுதுன்னா, அது முதுகெலும்பு மூட்டுல வர்ற வாத நோயா இருக்கலாம், அதுக்கு எலும்பு டாக்டரை விட மூட்டு வாத நிபுணர் கிட்ட போகணும், நல்ல மருந்துகள் இருக்கு, சீக்கிரம் ஆரம்பிக்கறது நல்லது. போகும்போது அந்த நோட்டை கையோட கொண்டு போங்க, எந்த நேரத்துல வலி, எதுல கூடுது, எதுல குறையுதுன்னு மூணு மாசக் கணக்கு அதுல இருக்கும்.